வெள்ளிக்கிழமைக்குள்

வகுப்பாசிரியை கொடுத்தனுப்பிய பட்டியல்
குளிர்பெட்டிக் கதவில் ஒரு வாரமாகத் தொங்குகிறது.
ஒரு விசில். தண்ணீர்ப் புட்டி.
பிஸ்கட், காலாவதி நாள் பார்த்து.
மாற்று உள்ளாடை. குடும்பப் படம் ஒன்று.
கடைசி வரி மட்டும் கையால் எழுதியது:
பிள்ளைக்கு நீங்கள் எழுதும் ஒரு கடிதம்,
நிலநடுக்கப் பைக்குள் வைக்க. வெள்ளிக்கிழமைக்குள்.

இன்று வியாழன்.

காலை ஆறு நாற்பது. கொராயின் ஒரு காலுறையைக் காணோம்.
இரவுப் பணி முடிந்து வந்த ஜெவ்தெத்
சட்டைப் பொத்தான்களைப் பாதி கழற்றியதோடு உறங்கிப்போனான்.
நெஹிருக்கு முட்டை வேண்டாம்,
மஞ்சள் வேண்டாம், வெள்ளை வேண்டாம்,
முட்டையைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

படியிறங்கும்போது தரைத்தளத் தூணை
பார்க்காததுபோல் பார்க்கிறேன்.
போன கோடையில் கட்டடச் செயலாளர் வண்ணம் பூசினார்,
விரிசலுக்கு மேலே பிஸ்தாப் பச்சை.
வேறு வீடு பார்க்கலாம்தான்.
வாடகையைக் கேட்டால்
நிற்கும்போதே நிலம் ஆடுகிறது.

அவ்ஜிலார் நிறுத்தத்தில் எள் போட்டால் எள் விழாது.
மெட்ரோபஸ்ஸில் என் உடம்பு ஏறிவிட்டது,
கைப்பை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.
யாருடைய முழங்கையோ என் விலாவில்,
மன்னிப்புக் கேட்கவும் இடமில்லாமல்.

பல் மருத்துவரிடம் தொலைபேசி எடுப்பது என் வேலை.
வலி எங்கே, மேலா கீழா, எப்போதிலிருந்து
என்று நாளெல்லாம் கேட்கிறேன்.
என்னை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும்
ஆகஸ்டு மாதம், எனக்கு ஒன்பது வயது
என்றா சொல்ல முடியும்?

மதியம் எழுதுபொருள் கடை.
கோணமானி, சிவப்பு அட்டை இரண்டு, அப்புறம் ஒரு விசில்.
"பந்தாட்டத்துக்கா?"
"இல்லை, பள்ளிப் பைக்கு."
கடைக்காரர் நீல விசிலைத் திரும்ப வைத்துவிட்டார்.
"ஆரஞ்சு எடுங்கள் அம்மா. தூசியில் தெரியும்."
சில்லறை தரக் கல்லாவைத் திறந்தபோது
அவர் சாவிக்கொத்திலும் அதே ஆரஞ்சு.
ஊதிப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன்,
கேட்கவில்லை.

மாலை, கொராய்க்குக் கால்பந்து ஷூ.
ஒரு அளவு பெரிதாகவே வாங்கினேன்,
அடுத்த வருடமும் ஆகுமே.
அடுத்த வருடம் என்ற சொல்
எவ்வளவு எளிதாக வாயில் வந்துவிடுகிறது,
பெட்டிக்குள் காகிதம் கசங்கும் சத்தத்தோடு.
பிஸ்கட்டின் நாள் மார்ச்சில் முடிகிறது.
இருமல் மருந்து. எரிவாயுக் கட்டணம், அபராதத்தோடு.
ரொட்டி வாங்க மறந்து, பாதி மாடி ஏறி, இறங்கி.

இரவு பத்தரை. மேசையில் காகிதம்.
என் கண்ணே, பயப்படாதே
என்று தொடங்கி அடித்தேன்.
அன்று என் அம்மாவும் அதைத்தான் சொன்னாள்,
அந்தக் குரலைக் கேட்டுத்தான் எனக்குப் பயமே வந்தது.
நீ தைரியசாலி. அதையும் அடித்தேன்.
தூசு உறிஞ்சியைக் கண்டால் கட்டிலடியில் ஒளிகிறவள் அவள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது.
பெரிய எழுத்தில், சிறிய வாக்கியங்களில் எழுதினேன்:

நெஹிர், நான் கிளம்பிவிட்டேன்.
வழியில் நெரிசல், உனக்குத்தான் தெரியுமே.
விசிலை மூன்று முறை ஊது. நிறுத்து. காது கொடு. மறுபடி ஊது.
பிஸ்கட்டில் பாதி எய்லுலுக்கு, அவள் கேட்காமலே.
ஈரமான காலுறையைக் கழற்றிவிடு.
நான் தாமதமாக வருகிறவள்,
ஒருநாளும் வராமல் இருந்தவள் இல்லை.

பையின் ஜிப் பாதியில் சிக்கியது.
தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள்
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"என்ன எழுதினாய்?"
"சாப்பிடச் சொல்லி."
"என்ன சாப்பிட?"
அந்தச் சந்தேகம் நிறைந்த முகத்தைப் பார்த்துவிட்டுக்
காகிதத்தை வெளியே எடுத்தேன்.

பின்குறிப்பு: பையில் முட்டை இல்லை.